விண்டோஸ் சர்வரில் பழைய பெர்ல்: எஸ்எஃப்டிபி மாட்யூலை நிறுவ முடியவில்லை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் கணினி வேலைகளைக் கவனித்துவருகிறேன். அன்றன்று செலுத்தவேண்டிய தொகைகளை ஒரு சிஎஸ்வி கோப்பாகத் திரட்டி, இரவு 11 மணிக்கு வங்கியின் சர்வருக்கு அனுப்பும், பெர்ல் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட ஸ்கிரிப்ட் ஒன்று எனக்கு முன்பு இருந்தவர் காலத்திலிருந்தே எங்களிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. அது எஃப்டிபி என்ற பழைய கோப்பனுப்பும் முறைக்கான நெட்::எஃப்டிபி மாட்யூலை (பெர்லில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்பு) பயன்படுத்துகிறது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து 22ஆம் போர்ட்டில் எஸ்எஃப்டிபி (எஸ்எஸ்எச் என்ற மறையாக்கப்பட்ட இணைப்பின் மேல் கோப்பை அனுப்பும் முறை) வழியாக வரும் கோப்புகளை மட்டுமே ஏற்போம் என்று வங்கி இப்போது எழுதியிருக்கிறது.

எங்களிடம் இருப்பது விண்டோஸ் சர்வர் 2019. அதில் ஆக்டிவ்பெர்ல் என்ற பெர்ல் விநியோகத்தின் 32 பிட் 5.16 பதிப்பு இருக்கிறது. முதலில் அதனுடன் வரும் மாட்யூல் நிறுவியான பிபிஎம் மூலம் தேடினேன். எந்தக் களஞ்சியத்தையும் அது எட்டவில்லை. பிறகு பெர்ல் மாட்யூல்களின் பொதுக் களஞ்சியமான சிபான் வழியாக நெட்::எஸ்எஃப்டிபி மாட்யூலைக் கேட்டேன். அது நெட்::எஸ்எஸ்எச்::பெர்ல் வேண்டும் என்றது, அதற்குக் கிரிப்ட் என்று தொடங்கும் பல மாட்யூல்கள் வேண்டும் என்றது, கடைசியில் மேத்::பாரி என்ற ஒன்றில் வந்து நின்று, பாரியின் மூலநிரலை இறக்கவா என்று கேட்டது. ஆம் என்றேன். சிறிது நேரத்தில் கம்பைலர் (மூலநிரலை ஓடக்கூடிய நிரலாக மாற்றும் கருவி) இல்லை என்ற பிழையோடு எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு கோப்பை அனுப்புவதற்குக் கணித நூலகம் எதற்கு என்பதே எனக்குப் புரியவில்லை.

தேடியபோது நெட்::எஸ்எஸ்எச்2, நெட்::எஸ்எஃப்டிபி::ஃபாரின், நெட்::எஃப்டிபிஎஸ்எஸ்எல் என்று வேறு பெயர்களும் கண்ணில் பட்டன. இவற்றில் எதை எடுப்பது? அதே பெர்லில் வேறு பல ஸ்கிரிப்டுகளும் ஓடுவதால் அதை நீக்காமல் இதைச் செய்ய முடியுமா? இந்தத் துறையில் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1

வணக்கம் அம்மா. நீங்கள் மேத்::பாரியில் மாட்டிக்கொண்டதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. விண்டோஸில் நெட்::எஸ்எஃப்டிபி மாட்யூலைத் தொட்ட பலரும் அந்த இடத்தில்தான் நின்றிருக்கிறார்கள். கணித நூலகம் எதற்கு என்று கேட்டீர்கள். எஸ்எஸ்எச் இணைப்பு தொடங்கும்போது இரு பக்கமும் மிகப் பெரிய எண்களை வைத்துக் கணக்குப் போட்டு, நடுவில் இருப்பவருக்குத் தெரியாத ஒரு பொது ரகசியத்துக்கு வந்து சேர்கின்றன. அந்த மறையாக்க வேலை முழுவதையும் பெர்லுக்கு உள்ளேயே செய்வது என்று தீர்மானித்து எழுதப்பட்டது நெட்::எஸ்எஸ்எச்::பெர்ல். பெரிய எண்களைக் கையாளும் வேலைக்காக, பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் உருவான பாரி என்ற எண்கணித மென்பொருளை அதன் சார்பு மாட்யூல்கள் இழுத்துக்கொண்டு வந்தன. லினக்ஸில் கம்பைலர் கையருகே இருக்கும் என்பதால் இது பெரிதாகத் தெரியாது. விண்டோஸில் கம்பைலர் கூடவே வருவதில்லை. அதனால் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி அறுந்தால், மேலே உள்ள எதுவும் நிற்காது.

ஆகவே, விண்டோஸில் மாட்யூலைத் தேர்வதற்கு முன், மறையாக்க வேலையை யார் செய்கிறார்கள் என்று பாருங்கள். நெட்::எஸ்எஃப்டிபி அதைப் பெர்ல் மாட்யூல்களிடம் விடுகிறது. நெட்::எஸ்எஸ்எச்2 அதை லிப்எஸ்எஸ்எச்2 என்ற சி நூலகத்திடம் விடுகிறது. நெட்::எஸ்எஃப்டிபி::ஃபாரின் அதைத் தானும் செய்யாமல், கணினியில் ஏற்கெனவே இருக்கும் ஓர் எஸ்எஸ்எச் நிரலை இயக்கி, அதன் குழாய் வழியாக எஸ்எஃப்டிபி நெறிமுறையை மட்டும் பேசுகிறது. இந்த மூன்றாவது மாட்யூல் முழுக்கப் பெர்லிலேயே எழுதப்பட்டிருப்பதால் அதற்குக் கம்பைலரே வேண்டியதில்லை. உங்கள் நிலைமைக்கு இதைத்தான் நான் தேர்வேன். நெட்::எஃப்டிபிஎஸ்எஸ்எல் உங்களுக்கு உதவாது. அது எஃப்டிபியின் மேல் டிஎல்எஸ் என்ற மறையாக்கத்தைப் போர்த்திய எஃப்டிபிஎஸ்ஸுக்கானது. பெயர் ஒலிப்பதில் நெருக்கமாக இருந்தாலும் எஸ்எஃப்டிபிக்கும் அதற்கும் உறவு கிடையாது.

பிபிஎம்மைப் பொறுத்தவரை, அதை மறந்துவிடுங்கள். ஆக்டிவ்பெர்ல் 5.28 பதிப்பிலிருந்து அந்தக் கருவியே கைவிடப்பட்டுவிட்டது. வின்னிபெக் பல்கலைக்கழகத்தின் களஞ்சியத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் பழைய பதிவுகள் இன்னும் தேடலில் வரும். அவற்றின் பின்னால் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இரண்டு வழிகள் இருக்கின்றன. பழைய பெர்லிலேயே தொடர வேண்டுமென்றால், நெட்::எஸ்எஃப்டிபி::ஃபாரின் பொதியைச் சிபான் தளத்திலிருந்து இறக்கிப் பிரித்து, அதன் லிப் கோப்புறையில் இருப்பதை அப்படியே உங்கள் பெர்லின் சைட் கோப்புறைக்குள் உள்ள லிப் கோப்புறையில் நகலெடுத்தால் போதும். உள்ளே சி நிரல் எதுவும் இல்லாததால் அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படாது. அப்படி வேண்டாம், புதிதாகத் தொடங்கலாம் என்றால், விண்டோஸுக்கான மற்றொரு பெர்ல் விநியோகமான ஸ்ட்ராபெரி பெர்லின் கையடக்கப் பதிப்பை ஒரு தனிக் கோப்புறையில் விரித்துவைத்து, இந்த ஒரு ஸ்கிரிப்டை மட்டும் அதன் முழுப் பாதையைக் கொடுத்து இயக்குங்கள். அதனுடன் ஜிசிசி கம்பைலரும் நெட்::எஸ்எஸ்எச்2 மாட்யூலும் சேர்ந்தே வருகின்றன. பழைய பெர்லை அது தொடாது.

எந்த வழியில் போனாலும், முதலில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, வேர் என்ற கட்டளைக்குப் பின் பெர்ல் என்று தட்டிப் பாருங்கள். கிட் (நிரல்களின் பதிப்புகளைப் பராமரிக்கும் கருவி) நிறுவியிருக்கும் கணினிகளில் அதனுடன் வரும் பெர்லும் அந்தப் பட்டியலில் தலைகாட்டக்கூடும். நிரல்களை எங்கெங்கே தேடுவது என்று விண்டோஸுக்குச் சொல்லும் பாத் மாறியில் அது முன்னால் இருந்துவிட்டால், நீங்கள் ஒரு பெர்லில் மாட்யூலை நிறுவிவிட்டு வேறொரு பெர்லில் ஸ்கிரிப்டை ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். நான் ஒருமுறை அரைநாளை இப்படித் தொலைத்திருக்கிறேன்.

மறுமொழி 2: கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. வேர் கட்டளையில் இரண்டு பெர்ல்கள் வந்தன. இரண்டாவது நீங்கள் சொன்னதுபோலவே கிட் உடையது. மற்ற ஸ்கிரிப்டுகளை இப்போது கலைக்க வேண்டாம் என்று நினைத்துப் பழைய பெர்லிலேயே நெட்::எஸ்எஃப்டிபி::ஃபாரின் மாட்யூலை நகலெடுத்தேன். ஸ்கிரிப்டில் அதை அழைத்தபோது பிழை ஏதும் வரவில்லை.

ஆனால் அடுத்த படியில் ஒன்று விளங்கவில்லை. இந்தச் சர்வரில் விண்டோஸுடன் வந்த ஓபன்எஸ்எஸ்எச் இருக்கிறது. கட்டளைச் சாளரத்தில் எஸ்எஸ்எச் என்று தட்டினால் ஓடுகிறது. அதே நிரலைப் பெர்லிலிருந்து இயக்கினால், அப்படி ஒரு கோப்பே இல்லை என்கிறது. முழுப் பாதையைக் கொடுத்துப் பார்த்தேன், பெர்லின் கோப்புச் சோதனையையும் போட்டுப் பார்த்தேன். கோப்பு இல்லை என்றே பதில் வருகிறது. எக்ஸ்புளோரரில் அந்தக் கோப்பு என் கண்ணெதிரே இருக்கிறது.

மறுமொழி 3

வணக்கம். உங்கள் கணினியில் எதுவும் கெட்டுப்போகவில்லை. உங்கள் பெர்ல் 32 பிட் என்பதுதான் காரணம். 64 பிட் விண்டோஸில் ஒரு 32 பிட் நிரல் சிஸ்டம்32 கோப்புறையைக் கேட்டால், விண்டோஸ் அதைச் சத்தமில்லாமல் சிஸ்வாவ்64 என்ற கோப்புறைக்குத் திருப்பிவிடுகிறது. ஓபன்எஸ்எஸ்எச் நிறுவப்பட்டிருப்பது உண்மையான சிஸ்டம்32க்குள். அதனால் 64 பிட்டான எக்ஸ்புளோரருக்கும் கட்டளைச் சாளரத்துக்கும் அது தெரிகிறது, பெர்லுக்குத் தெரிவதில்லை. பாதையில் சிஸ்டம்32 என்ற இடத்தில் சிஸ்நேட்டிவ் என்று எழுதினால் இந்தத் திருப்பல் நடக்காது. 32 பிட் நிரல்களுக்காகவே அந்தப் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. எக்ஸ்புளோரரில் தேடினால் அது கிடைக்காது என்பதால் குழம்ப வேண்டாம்.

இதை உங்கள் ஐயம் தீர்வதற்காகச் சொன்னேன். நெட்::எஸ்எஃப்டிபி::ஃபாரின் மாட்யூலை விண்டோஸில் இயக்கும்போது நான் புட்டி என்ற எஸ்எஸ்எச் தொகுப்பில் வரும், கட்டளை வரியில் இயங்கும் பிளிங்க் நிரலையே பயன்படுத்துகிறேன். இந்த மாட்யூல் பிளிங்கின் கட்டளை அமைப்பை அறியும், எஸ்எஸ்எச்_சிஎம்டி என்ற விருப்பத்தில் பிளிங்கின் பாதையைக் கொடுத்தால் பெயரை வைத்தே புரிந்துகொள்ளும். பிளிங்கை இடைவெளி இல்லாத பெயர் கொண்ட ஒரு கோப்புறையில் வையுங்கள். புதிய பதிப்பாகவும் எடுங்கள். 0.68 முதல் 0.80 வரையிலான புட்டி பதிப்புகளில், 521 பிட் என்ஐஎஸ்டி வளைவு என்ற ஒரு வகைச் சாவிகளின் கையொப்பங்களை வைத்துத் தனிச்சாவியையே கண்டுபிடித்துவிடக்கூடிய பிழை இருந்தது; 2024 ஏப்ரலில் வந்த 0.81 பதிப்பில்தான் அது சரிசெய்யப்பட்டது.

அடுத்து, கடவுச்சொல்லா சாவியா என்பது. பிளிங்கைப் பயன்படுத்தும்போது கடவுச்சொல்லை இந்த மாட்யூலில் கொடுத்தால், அது பிளிங்கின் கட்டளை வரியிலேயே போய் உட்காரும். அந்தக் கணினியில் உள்ள நிர்வாகி எவரும் டாஸ்க் மேனேஜரில் கட்டளை வரி என்ற பத்தியைத் திறந்து அதைப் படித்துவிடலாம். பணம் செலுத்தும் கோப்புக்கு இதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். அதே தொகுப்பில் உள்ள புட்டிஜென் நிரலில் ஒரு சாவி இணையை (உங்களிடமே இருக்கும் தனிச்சாவி, பிறருக்குக் கொடுக்கும் பொதுச்சாவி) உருவாக்கிப் பொதுச்சாவியை மட்டும் வங்கிக்கு அனுப்புங்கள். எந்த வகைச் சாவியை ஏற்பார்கள் என்று அவர்களிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அனுப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். புட்டிஜென்னில் பொதுச்சாவியைச் சேமிக்கும் பொத்தானை அழுத்தினால், நான்கு கோடுகளோடு தொடங்கிப் பல வரிகளாக நீளும் ஒரு கோப்பு கிடைக்கும். லினக்ஸில் ஓடும் பெரும்பாலான சர்வர்கள் எதிர்பார்ப்பதோ ஒரே வரியில் உள்ள வடிவம். அது அந்தச் சாளரத்தின் மேற்புறப் பெட்டியில் இருக்கிறது. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை தேர்ந்தெடுத்து நகலெடுக்க வேண்டும். பெட்டி சிறியது என்பதால், சுருளை இறக்காமல் கண்ணில் படுவதை மட்டும் நகலெடுத்துவிட்டு, சாவி ஏற்கப்படவில்லை என்று இரண்டு நாள் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும்.

மறுமொழி 4: கேள்வி கேட்டவர்

சிஸ்நேட்டிவ் விளக்கத்துக்கு மிகவும் நன்றி. அந்தப் பெயரில் கேட்டதும் கோப்பு இருக்கிறது என்று பெர்ல் ஒப்புக்கொண்டது. உங்கள் ஆலோசனைப்படி பிளிங்குக்கு மாறினேன், சாவியை உருவாக்கினேன், வங்கியும் அதைப் பதிந்துகொண்டது. நேற்று மாலை நான் உட்கார்ந்து ஸ்கிரிப்டை ஓட்டியபோது சோதனைக் கோப்பு போய்ச் சேர்ந்தது. இணைப்பு முதன்முறை ஏற்பட்டபோது சர்வரின் சாவியைச் சேமிக்கவா என்று கேட்டது, ஒய் என்று தட்டினேன்.

ஆனால் இரவு 11 மணிக்கு, குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலர் அதே ஸ்கிரிப்டை ஓட்டியபோது கோப்பு போகவில்லை. காலையில் வந்து பார்த்தால் அந்தப் பணி இன்னும் ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டுகிறது. டாஸ்க் மேனேஜரில் பெர்லும் பிளிங்கும் இருக்கின்றன, சிபியூ பூஜ்யத்தில் நிற்கிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. அந்தப் பணி சிஸ்டம் என்ற கணக்கில் ஓடும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. முதல் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.

மறுமொழி 5

மறுமொழி 3ஐ எழுதியவள்தான் மீண்டும் எழுதுகிறேன். நீங்கள் தட்டிய அந்த ஒய்தான் விடை. புட்டியும் பிளிங்கும் சர்வர்களின் சாவிகளை, விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில், அப்போது உள்ளே நுழைந்திருக்கும் பயனரின் கிளையில் சேமிக்கின்றன. மாலையில் நீங்கள் உங்கள் கணக்கில் சொன்ன சம்மதம் உங்கள் கிளையில் இருக்கிறது. இரவில் ஓடுவது சிஸ்டம் கணக்கு. அதற்கு இந்தச் சர்வர் முன்பின் தெரியாதது. ஆகவே பிளிங்க் அதே கேள்வியை மறுபடி கேட்கிறது, பதில் சொல்ல எவரும் இல்லாததால் விடியும்வரை காத்துக்கொண்டே இருக்கிறது.

இதற்குத் தேடினால், ஒய் என்ற எழுத்தைக் குழாய் வழியாகப் பிளிங்குக்குள் ஊட்டுங்கள் என்றும், ஓபன்எஸ்எஸ்எச் என்றால் சாவிச் சோதனையை நிறுத்திவிடுங்கள் என்றும் பல இடங்களில் எழுதியிருப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இணைப்பின் மறுமுனையில் இருப்பது உங்கள் வங்கிதானா, வங்கியின் பெயரில் நடுவழியில் உட்கார்ந்திருக்கும் வேறொருவரா என்பதை அந்த ஒரு கேள்விதான் சோதிக்கிறது. யார் கேட்டாலும் ஆம் என்று சொல்லும்படி அமைத்துவிட்டால், கோப்பு மறையாக்கம் செய்யப்பட்டே போகும், ஆனால் யாருக்குப் போகிறது என்பது தெரியாது. உங்கள் ஆலையின் அன்றைய பணப்பட்டுவாடா முழுவதும் அந்தக் கோப்பில் இருக்கிறது.

செய்யவேண்டியது இதுதான். வங்கியின் தொழில்நுட்பப் பிரிவைத் தொடர்புகொண்டு, சர்வர் சாவியின் கைரேகையை (சாவியை அடையாளம் காட்டும் சுருக்கமான எழுத்துச் சரம்) எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எஸ்எச்ஏ256 என்று தொடங்கும் வடிவில் கேளுங்கள். நேற்று நீங்கள் ஒய் என்று தட்டிய சாவியின் கைரேகையும் அதுவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று முதலில் ஒப்பிடுங்கள். பிறகு ஸ்கிரிப்டில், மாட்யூலின் மோர் என்ற விருப்பத்தில், பிளிங்கின் ஹோஸ்ட்கீ விருப்பத்தையும் அந்தக் கைரேகையையும் சேருங்கள். அதோடு பேட்ச் விருப்பத்தையும் சேருங்கள். அது இருந்தால் பிளிங்க் எந்தக் கேள்வியும் கேட்டு நிற்காது, சந்தேகம் வந்தால் இணைப்பை உடனே கைவிட்டுப் பிழையோடு வெளியேறும். மோர் விருப்பத்துக்கு ஒரு வரிசையாகக் கொடுக்க வேண்டும். விருப்பத்தின் பெயர் ஓர் உறுப்பு, அதன் மதிப்பு அடுத்த உறுப்பு. இரண்டையும் ஒரே சரமாக இடைவெளி விட்டு எழுதினால், இரண்டும் சேர்ந்த ஒரே சொல்லாகவே அது பிளிங்குக்குப் போய்ச்சேரும்.

சிஸ்டம் கணக்கையும் விட்டுவிடுங்கள். இந்த வேலைக்கென்றே அதிகாரம் குறைந்த ஒரு கணக்கை உருவாக்கி, தனிச்சாவிக் கோப்பை அந்தக் கணக்கு மட்டும் படிக்கும்படி அனுமதிகளை மாற்றுங்கள். ஆளில்லாமல் ஓடும் பணி என்பதால் அந்தச் சாவிக்குக் கடவுத்தொடர் (சாவியைத் திறக்கும் கடவுச்சொல்) வைக்க முடியாது. ஆகவே கோப்பின் அனுமதிதான் அதன் ஒரே பூட்டு.

மறுமொழி 6

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஷெட்யூலரில் ஸ்கிரிப்டை நேரடியாகக் கொடுக்காமல் ஒரு பேட்ச் கோப்பைக் கொடுங்கள். அதன் முதல் வரியில் ஹூஆம்ஐ கட்டளையும், அடுத்த வரியில் பெர்லின் முழுப் பாதையோடு ஸ்கிரிப்டும் இருக்கட்டும். இரண்டின் வெளியீட்டையும் பிழை வெளியீட்டையும் ஒரு பதிவுக் கோப்புக்குத் திருப்பிவிடுங்கள். எந்தக் கணக்கில் ஓடியது, பிளிங்க் என்ன சொன்னது என்பதை மறுநாள் காலை ஊகிக்கவேண்டிய அவசியம் இருக்காது.

முதல் மறுமொழியில் சொன்ன ஸ்ட்ராபெரி பெர்ல் வழியில் பிறகு போவதாக இருந்தால் இரண்டைக் கவனியுங்கள். நெட்::எஸ்எஸ்எச்2 தனக்கு வேண்டிய நூலகக் கோப்புகளை ஸ்ட்ராபெரியின் சி என்ற உட்கோப்புறையில் உள்ள பின் கோப்புறையிலிருந்து எடுக்கிறது. ஷெட்யூலரின் பாத் மாறியில் அந்தக் கோப்புறை இல்லையென்றால், மாட்யூல் இருந்தும் அதை ஏற்ற முடியவில்லை என்ற பிழை வரும். மற்றொன்று சாவி தொடர்பானது. 2021இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 8.8 பதிப்பிலிருந்து, எஸ்எச்ஏ1 என்ற பழைய முறையைக் கொண்டு போடப்படும் ஆர்எஸ்ஏ கையொப்பங்கள் இயல்பாகவே மறுக்கப்படுகின்றன. ஆர்எஸ்ஏ சாவியையே எஸ்எச்ஏ2 கையொப்பத்துக்கு உயர்த்திப் பயன்படுத்தும் வசதி லிப்எஸ்எஸ்எச்2 நூலகத்தில் 2023இல் வந்த 1.11.0 பதிப்பில்தான் சேர்ந்தது. பழைய ஸ்ட்ராபெரியை எடுத்தால், சரியான சாவியைக் கொடுத்தும் புதிய சர்வர்கள் உள்ளே விடமாட்டா.

மறுமொழி 7: கேள்வி கேட்டவர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. வங்கியிடமிருந்து கைரேகை வர மூன்று நாள் ஆனது; ஒப்பிட்டேன், நான் முன்பு பார்த்ததும் அதுவும் ஒன்றே. தனிக் கணக்கு, பேட்ச் கோப்பு, பதிவுக் கோப்பு எல்லாவற்றையும் அமைத்தேன். நேற்று இரவு கோப்பு போயிருக்கிறது. ஆனால் ஸ்கிரிப்ட் தோல்வி என்றே முடிந்திருக்கிறது. தொலைவில் உள்ள கோப்புக்குச் செட்ஸ்டேட் செய்ய முடியவில்லை என்று பதிவில் இருக்கிறது. வங்கியில் கேட்டால், கோப்பு முழுதாக வந்துவிட்டது, வந்ததும் எங்கள் கணினி அதை வேறு கோப்புறைக்கு எடுத்துக்கொள்ளும் என்கிறார்கள். இந்தத் தோல்வியைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடலாமா?

மறுமொழி 8

விடாதீர்கள் அம்மா. தோல்வியைப் பொருட்படுத்தாத ஸ்கிரிப்ட், உண்மையாகவே கோப்பு போகாத நாளிலும் அதையே செய்யும். காரணத்தை நீக்கிவிடுங்கள்.

இந்த மாட்யூலின் புட் செயல்பாடு, கோப்பை எழுதியதோடு நிற்பதில்லை. உங்கள் கணினியில் அந்தக் கோப்புக்கு இருந்த அனுமதிகளையும் நேரத்தையும் தொலைவில் உள்ள பிரதிக்கும் வைக்கப் பார்க்கிறது. அதற்கான எஸ்எஃப்டிபி கட்டளைதான் செட்ஸ்டேட். அது போய்ச்சேர்வதற்குள் வங்கியின் கணினி கோப்பை எடுத்துச் சென்றிருக்கலாம், அல்லது அந்தச் சர்வர் செட்ஸ்டேட் கட்டளையையே அனுமதிக்காததாக இருக்கலாம். சர்வருக்குச் சர்வர் இப்படி மாறும். எஸ்எஸ்எச் நெறிமுறை 2006 ஜனவரியில் ஆர்எஃப்சி 4251 முதல் 4254 வரையான இணையத் தர ஆவணங்களாக நிலைபெற்றது. எஸ்எஃப்டிபியோ வரைவு நிலையைத் தாண்டவே இல்லை, ஓபன்எஸ்எஸ்எச் இன்றும் அந்த வரைவின் 3ஆம் பதிப்பைத்தான் பேசுகிறது. எதுவானாலும் மருந்து ஒன்றே. புட் செயல்பாட்டுக்குக் காப்பி_பெர்ம், காப்பி_டைம் என்ற இரண்டு விருப்பங்களையும் பூஜ்யம் என்று கொடுத்துவிடுங்கள். ஆட்டோடை விருப்பத்தை 1 என்று வைத்தால், வேறு எந்தப் பிழை வந்தாலும் ஸ்கிரிப்ட் அந்த இடத்திலேயே நின்று காரணத்தைப் பதிவில் எழுதும்.

வங்கியிடம் இன்னொன்றையும் கேளுங்கள். அவர்களுடைய கணினி எந்தப் பெயருள்ள கோப்பை எடுக்கிறது, கோப்பின் பெயரை மாற்ற உங்களுக்கு அனுமதி உண்டா? உண்டு என்றால் அட்டாமிக் என்ற விருப்பத்தைச் சேருங்கள். கோப்பு ஒரு தற்காலிகப் பெயரில் ஏறி, முழுதாக முடிந்த பிறகே உரிய பெயரைப் பெறும். பாதி ஏறிய கோப்பை அவர்கள் எடுத்துக்கொண்டு போகும் வாய்ப்பு அதனால் நீங்கும்.

மறுமொழி 9: கேள்வி கேட்டவர்

இரண்டு விருப்பங்களையும் பூஜ்யமாக்கினேன். பெயர் மாற்ற அனுமதி உண்டு என்று வங்கியும் சொல்லிவிட்டதால் அட்டாமிக்கையும் சேர்த்தேன். நேற்று இரவுப் பதிவில் ஹூஆம்ஐ காட்டிய புதிய கணக்கின் பெயரும், அதற்குக் கீழே 23:00:07 என்ற நேரத்தோடு ஸ்கிரிப்ட் எழுதிய வெற்றிச் செய்தியும் இருக்கின்றன. கைரேகையில் வேண்டுமென்றே ஓர் எழுத்தை மாற்றிவிட்டும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். எதுவும் தொங்கி நிற்கவில்லை, இணைப்பைக் கைவிட்டுப் பிழையோடு வெளியேறியது. எழுத்தைத் திருத்தி மறுபடி ஓட்டியிருக்கிறேன். பழைய எஃப்டிபி ஸ்கிரிப்டை இன்று ஷெட்யூலரிலிருந்து நீக்குகிறேன்.